செய்முறைத் தேர்வு

“ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும். அவரும் கத்தக் கூடாது, நீங்களும் இளகக் கூடாது. இதுதான் இன்னிக்குத் தேர்வு” என்றார் எம்.பி.ஏ. பேராசிரியர் ஜெயபாண்டி. “மேனேஜர் திவ்யா. ஊழியர் நம்ம காலேஜ் பஸ் டிரைவர் மலைச்சாமி.”

வெளியே நின்றிருந்த மலைச்சாமியை உள்ளே கூப்பிட்டார்கள்.

திவ்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “உங்க உழைப்பை ரொம்ப மதிக்கிறோம்ண்ணே. ஆனா, நாளையிலருந்து நீங்க வர வேண்டாம்.”

மலைச்சாமியின் முகம் செத்துப்போனது.

“மகளுக்கு இப்பத்தாம்மா நிச்சயம் பண்ணிருக்கு. வாடிப்பட்டியிலருந்து தெனமும் உன்னைய ஏத்திட்டு வாரேன். நீயாம்மா இதச் சொல்ற?”

யாரும் எழுதிக் கொடுக்காத வசனம்! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. திவ்யாவுக்கும் சிரிப்பு முட்டியது. சிரித்தால் மார்க் போய்விடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“வண்டிச் சாவியைக் குடுத்துட்டுப் போங்கண்ணே.”

பாண்டி முனி சாமி படம் தொங்கிய சாவியை மேசையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி அவர் வெளியேறினார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

“பிரமாதம் திவ்யா! முழு மார்க்” என்ற பேராசிரியர், சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

‘என்னமா நடிச்சீங்கண்ணே!’ என்று சொல்லத்தான் சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடினாள் திவ்யா. டிரைவர் சீட்டில் வேறு ஆள். சாவியில் பாண்டி முனி ஆடிக்கொண்டிருந்தார்.

“மலைச்சாமி அண்ணே எங்க?”

“அவர நிப்பாட்டிட்டாங்கம்மா. மூஞ்சியப் பாத்துச் சொல்ல ஆபீஸ்ல ஒருத்தருக்கும் மனசு வரலையாம். கடைசியில, இங்க படிக்கிற புள்ள ஒண்ணுதான் கல்லு மாதிரி உக்காந்து சொல்லுச்சாம்.”