பக்கத்துப் பாயில் குறட்டை

“மூச்சை மெதுவா உள்ள இழுங்க...” என்றார் யோகா மாஸ்டர் மகேஷ்.

சாருலதா இழுத்தாள்.

“கொர்ர்ர்...” என்று பக்கத்துப் பாயிலிருந்து பதில் வந்தது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாருலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டு வலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் மந்தைவெளியில் இந்த யோகா வகுப்பில் சேர்ந்தவள் அவள். காலங்கார்த்தால எழுந்து, கணவருக்கு டிபன் செய்து மூடி வைத்துவிட்டு ஓடி வருகிறாள். பக்கத்தில் பாய் போடும் அனன்யாவோ, ஆரம்பத்தில் எல்லோரும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுக்கும்போது படுப்பதோடு சரி. மற்றவர்கள் எழுந்து, குனிந்து, நிமிர்ந்து, வியர்த்துக் கொட்டி முடிக்கும்வரை அசைவதே இல்லை.

மாஸ்டரும் அவளை எழுப்புவதில்லை. சாருலதாவின் முழங்கால் லேசாக மடங்கினால் மட்டும், “மேடம், கால் நேரா!” என்று ஹால் அதிரும்.

வகுப்பு முடிந்ததும் நேரே அவரிடம் போனாள்.

“மாஸ்டர், நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணினோம்? எங்களை இந்த விரட்டு விரட்டறீங்க. அந்தப் பொண்ணு தினம் நல்லாத் தூங்கிட்டுப் போகுது.”

“அவங்களால முடிஞ்சதை அவங்க செய்யறாங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் பாய்களைச் சுருட்டப் போய்விட்டார்.

செருப்பு மாட்டும்போது அனன்யாவே பக்கத்தில் வந்து நின்றாள். இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே மை பூசினாற்போல் கறுத்திருந்தது.

“சாரிக்கா. இன்னிக்கும் குறட்டை விட்டேனா?”

“விட்டியாவா? தெருவுல போறவங்க லாரி வருதுன்னு ஒதுங்கி நின்னிருப்பாங்க.”

அனன்யா சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

“ஆபீஸ்ல அமெரிக்கா டீம், அக்கா. ராத்திரி பூரா போன் கால். விடியற நேரத்துல கண்ணை மூடினா, உடனே எழுந்திருக்கணும். மண்டை வேலையே செய்ய மாட்டேங்குது. ஒரு கிளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டிய மெயிலை இன்னொருத்தருக்கு அனுப்பிட்டேன். மேனேஜர் கிழி கிழின்னு கிழிச்சுட்டார். போன வாரம் லஸ் சிக்னல்ல வண்டியிலயே கண் அசந்துட்டேன். பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன். போதாக்குறைக்கு பிபி வேற வந்தாச்சு.”

சாருலதாவின் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

“அடிப்பாவி! இந்த நிலைமைல உனக்கு எதுக்கும்மா யோகா?”

“மாமியார் சேர்த்து விட்டுட்டாங்க. ஒரு நாள் கூட மட்டம் போடக் கூடாதாம். உள்ள வர்றப்ப போனையும் வாங்கி வச்சுக்கறாங்க” என்று வாசலைக் காட்டினாள் அனன்யா.

அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெயலக்ஷ்மி மாமி உட்கார்ந்திருந்தாள். ஹாஸ்டல் வார்டன் தோற்றுப்போகும் தோரணை. மடியில் இரண்டு போன்.

இறங்கிய கோபம் சாருலதாவுக்கு இரண்டு மடங்காக ஏறியது. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மாமியாரா!

அன்று முழுவதும் அதே நினைப்புதான். குக்கர் விசில் அடித்தால்கூட அவளுக்கு அனன்யாவின் குறட்டை மாதிரியே கேட்டது.

மறுநாள் பக்கத்துப் பாயில் ‘கொர்ர்ர்’ ஆரம்பித்ததும் சாருலதா எழுந்து வெளியே வந்தாள். யாராவது கேட்டுத்தானே ஆகவேண்டும்!

“மாமி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்கோ.”

“உங்க மருமக தூக்கமில்லாம துவண்டு கிடக்கா. அந்தப் பொண்ணை இந்நேரத்துக்கு யோகாவுக்கு இழுத்துட்டு வந்து, போனையும் பிடுங்கி வச்சுக்கிட்டு, வாசல்ல காவலுக்கும் உட்கார்ந்திருக்கீங்களே, இது நியாயமா?”

மாமி வாயைத் திறப்பதற்குள் மடியில் ஒரு போன் அதிர்ந்தது. அனன்யாவின் போன்தான். மாமி சட்டென்று எடுத்தாள்.

“ஹலோ... அனன்யா முக்கியமான மீட்டிங்ல இருக்கா. எட்டு மணிக்கு மேல பண்ணுங்கோ. இல்லை, இப்போ கூப்பிட முடியாது. வச்சுடறேன்.”

சாருலதா விழித்தாள்.

மாமி எழுந்து, ஹால் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் மெள்ளப் பேசுங்கோ. ஆத்துல படுத்துக்கோடின்னா கேக்க மாட்டேங்கறா. நான் அடுப்படியில நிக்கறச்சே அவ படுத்துண்டிருக்கறதான்னு கூச்சம். ‘நான் பாத்துக்கறேன், நீ போ’ன்னு எத்தனை தடவை சொல்றது? அப்படியே கண்ணை மூடினாலும் இந்தப் போன் விடாது. யோகான்னு சொன்னாத்தான் கிளம்பி வரா.”

“அப்போ மாஸ்டர் அவளை எழுப்பாம...”

மாமி சிரித்தாள்.

“சேர்க்கறச்சேயே சொல்லிட்டேன். ‘எங்காத்துப் பொண்ணுக்கு நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம். எழுப்பாம இருந்தா, அதுவே போறும்’னு.”