வீட்டுக்கு ஒரு குரல்

நாட்டின் தலைவர் தன் சொந்தக் குரலில் பேசுவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் மாட்டிய ஸ்பீக்கர் வழியாக, அந்த வீட்டார் இழந்த ஒருவரின் குரலில் பேசினார். அமுதவல்லியின் வீட்டில் அது அவள் கணவன் சேந்தனின் குரல். போன வருடம் அவன் மாரடைப்பில் இறந்த அன்று மாலையே அந்தக் குரல் பேசத் தொடங்கிவிட்டது.

சுவரிலிருந்த ஸ்பீக்கர் பேச ஆரம்பித்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். மலைக்கு அந்தப் பக்கத்தார் நம் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று அது சொன்னபோது தலையாட்டினாள். அவர்கள் மனிதர்களே இல்லை என்றபோதும் தலையாட்டினாள். சேந்தன் சொல்லி அவள் எதைத்தான் மறுத்திருக்கிறாள்?

அன்று அந்தக் குரல், "வல்லி, நம்ம தேனுவப் போருக்கு அனுப்பி வைம்மா" என்றது.

மகள் தேன்மொழி அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அப்பாவே சொல்லிட்டாரும்மா. கிளம்புறேன்."

இந்த முறை அமுதவல்லி தலையாட்டவில்லை. "காலேஜ் டூருக்கு உன்ன அனுப்பிட்டு, நீ திரும்பி வர்ற வரைக்கும் சோறு இறங்காம கெடந்த மனுஷன்டி அவரு. இது அவரில்ல."

எழுந்துபோய் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடித்தாள்.

"அய்யோ, வேணாம்மா! அப்புறம் அப்பா குரலே நமக்குக் கெடைக்காதும்மா!"

"தெரியும்டி" என்றாள். பிடுங்கி எறிந்தாள்.

வீடு அமைதியானது. தேன்மொழி பையை இறக்கிவைத்துவிட்டு அம்மாவின் மடியில் சாய்ந்தாள். சேந்தன் போய்விட்டதற்காக இருவரும் முதல்முறையாக வாய்விட்டு அழுதார்கள்.