படிக்கட்டுச் சண்டை

"உங்க பஸ் என்னைக்காவது நேரத்துக்கு வந்திருக்கா மாமா? மழையில நனைஞ்சுக்கிட்டுக் கை காட்டினவங்களைக் கண்டும் காணாம விசில் அடிச்சுட்டுப் போன கண்டக்டர்தானே நீங்க?"

தெருவாசலில் காரைவிட்டு இறங்கிய மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. படிக்கட்டுக்குக் கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள் தம்பி பெண்டாட்டி. மாடி வீட்டிலிருந்து அப்பா இறங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு, நானா? என் பஸ்ஸில ஒருத்தரை விட்டுட்டு வந்திருப்பேனா? என்ன பேச்சு பேசுறே நீ?"

ஒரு கையில் பை. இன்னொரு கையின் விரல் மருமகளை நோக்கி ஆடுகிறது. கைப்பிடியைத் தொடாமல் மளமளவென்று இறங்குகிறார். இதே படியில் போன மாதம் விழுந்து படுக்கையில் கிடந்த மனுஷன்.

மகள் கத்தினாள். "அப்பா, பார்த்து! விழுந்துடப் போறீங்க!"

அவ்வளவுதான். அப்பா சட்டென்று நின்றார். கீழே பார்த்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பை மட்டும் கீழே வந்து சேர்ந்தது.

"நல்லவேளை, நான் வந்தேன். வயசானவர்கிட்ட படியில வெச்சுத்தான் சண்டை போடுவியா?"

தம்பி பெண்டாட்டி குனிந்து பையை எடுத்துக்கொண்டாள். வாயாடிக்கு இப்போது மட்டும் வாய் எங்கே போனது என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

மகள் பாசக்காரி. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாள் என்றாலும் போன் பண்ணாத நாள் கிடையாது. எந்த மூலையில் எந்தப் பெரியவர் வழுக்கி விழுந்தாலும் அந்தச் செய்தி உடனே அப்பாவின் போனுக்கு வந்துவிடும். இந்தத் தடவை ஒரு கடையையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். வழுக்காத சாக்ஸ், நாலு கால் ஊன்றுகோல், விழுந்தால் அலறுகிற மணி ஒன்று, கழுத்தில் மாட்டிக்கொள்ள.

முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர், அத்தனையையும் மாட்டிக்கொண்டு கூடத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மகள் விசாரணையைத் தொடங்கினாள். "போன மாசம் எப்படி விழுந்தார்?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் தம்பி பெண்டாட்டி முந்திக்கொண்டாள். "படியில தண்ணி சிந்தியிருந்துச்சு அண்ணி. நான்தான் துடைக்காம விட்டுட்டேன்."

"அதானே பார்த்தேன். இனிமே அப்பா என்கூடத்தான் இருப்பார். எங்க வீட்டுல படியே கிடையாது. ஆள் போட்டு, கட்டிலைவிட்டே இறங்காம பார்த்துக்குவேன்."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. "நான் இங்கேயே இருந்துக்கிறேனே."

"நீங்க சும்மா இருங்கப்பா. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

துணிமணி பெட்டிக்குள் போனது. மகள் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

"பார்த்துப்பா. காலை மெதுவா வைங்க. இந்தப் படி கொஞ்சம் உயரம், பார்த்து. வழுக்கும், பார்த்து."

மூன்றாவது படியில் அப்பா நின்றுவிட்டார். கால் ஆடியது. கழுத்து மணி தானாகவே அலறத் தொடங்கியது.

"அவளைக் கூப்பிடும்மா" என்றார்.

"எதுக்கு?"

"சண்டை போடத்தான். அவகிட்ட வாய் கொடுத்தா எனக்குப் படி ஞாபகமே வராது. கால் பாட்டுக்கு இறங்கிடும். படுக்கையிலேயே கிடந்தவனை அப்படித்தானே கிளப்பினா?"

பெட்டியோடு பின்னால் வந்த தம்பி பெண்டாட்டியை மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மகளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"கிளப்பினது சரி. இவ தண்ணியை ஒழுங்காத் துடைச்சிருந்தா நீங்க விழுந்தே இருக்கமாட்டீங்களே?"

"எந்தத் தண்ணி?"

"விடுங்க மாமா" என்றாள் தம்பி பெண்டாட்டி அவசரமாக.

"நீ சும்மா இரு. தண்ணியும் இல்லை, ஒண்ணும் இல்லை. அன்னைக்கு நான் பாட்டுக்கு இறங்கிக்கிட்டிருந்தேன். போன் வந்துச்சு. 'இடுப்பு ஒடிஞ்சா அவ்வளவுதான், ஒவ்வொரு படியும் யோசிச்சு வைங்கப்பா'ன்னு நீதாம்மா சொன்னே. யோசிச்சேன். விழுந்துட்டேன்."