அம்மைத் தழும்பு

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் பதில் சொல்லிவிட்டார்.

"எங்க ரெண்டு பக்கமும் யாருக்கும் கிடையாது டாக்டர். இவளுக்கு இருக்கறது அம்மை. சின்ன வயசுல ஆத்தா பார்த்தது."

மகளின் கன்னத்தில் பரு விட்டுப்போன குழிகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றுதான் டாக்டரம்மா கேட்டிருந்தார். சிலர் வீட்டில் தோலே அப்படித்தான், தெரிந்தால் மருந்து முடிவு பண்ண வசதி என்றும் சொன்னார்.

கேட்டதற்கு மேல் ஒரு முழம் சேர்த்தே பதில் சொல்கிற மனிதர் அவர். அம்மை என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வேறு.

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு கன்னத்திலும் தாடையோரத்திலும் குழிகள். நெற்றி மட்டும் வழவழவென்று இருந்தது. அம்மை என்றால் நெற்றியையும் விட்டிருக்காது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

எழுதப்போன பேனா நின்றது. எதையும் எழுதாமல் மகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.



கணவர் வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய அம்மா சொன்ன பொய் அந்த அம்மை. பரு என்றால் எழுந்து போய்விடுவார்கள். அம்மை என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

கும்பிட்டார்கள். மாமியாராக வந்தவர் அவள் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மகளைவிட இரண்டு வயது மூத்த பொய்.

அதற்காகக் கணவர் ஒவ்வொரு சித்திரையிலும் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு சமயபுரத்துக்கு வெறுங்காலில் நடந்தார். பாதமெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வருவார். அவள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். ஒரு வருஷமாவது சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை.

மகளுக்குப் பதினாலு வயதில் பரு கிளம்பியது. அதே மனிதர்தான் அவளை விரட்டினார். சோப்புப் போட்டுக் கழுவு, கண்ட சிப்ஸைத் தின்னாதே, கிள்ளிக்கொண்டே இராதே.

அம்மாவுடையது சாமி கொடுத்தது. மகளுடையது அழுக்கு. வீட்டில் அப்படியே ஆகிப்போனது.

அவளும் கூட நின்று ஒத்து ஊதினாள். 

மரத்துப்போகும் களிம்பைத் தடவி முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு மகளை உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு ஒருவர் போதும் என்றதால் கணவர் வெளியே பெஞ்சில் இருந்துகொண்டார்.

பேனா மாதிரி ஒரு கருவி. நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். மெல்ல இரைந்தபடி அது மகளின் வலது கன்னத்தில் நகர்ந்தது. போன வழியெல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம் அரும்பியது. டாக்டரம்மா ஒற்றியெடுத்து மருந்து தடவினார்.

மாதம் ஒரு தடவை, நாலு மாதம். நடுவில் ராத்திரிக்கு ஒரு கிரீம், பகலில் வெயிலுக்கு ஒரு கிரீம். குழி முழுக்கப் போகாது, ஓரளவு மேடேறும் என்று முன்பே சொல்லிவிட்டார்.

மகள் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பதினெட்டு வயதுக் கை. விரல் நோகிற அளவுக்குப் பிடி.

"உனக்கு வந்த மாதிரி எனக்கும் அம்மையாவே வந்திருக்கலாம்மா," என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. "யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க."

டாக்டரம்மா தலை நிமிரவில்லை.

முந்திக்கொண்டு பதில் சொல்ல இங்கே யாரும் இல்லை.

"எனக்கு வந்ததும் பருதான்டி."



மகள் கண்ணைத் திறந்தாள். இதுவரை பார்க்காத ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தாள். மகள் அழுவாள் என்று அவள் நினைத்தாள். அம்மா என்று கட்டிக்கொள்வாள் என்றுகூட ஒரு ஆசை இருந்தது.

மகள் கையை விடுவித்துக்கொண்டாள்.

ஊசி இடது கன்னத்துக்கு மாறியது. மகள் படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

 நாலு வருஷம். குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும். வெளியே இவள், தண்ணீர் வீணாகிறது என்று சத்தம் போடுவாள். தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இப்போது தெரியவில்லை.

வெளியே வந்தாள். கதவைச் சாத்தவில்லை.

கூடத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். கணவர் அதற்குள் கிரீம்களை வாங்கிவந்து பையை மடியில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"முடிஞ்சிருச்சா? பிள்ளை அழுதுச்சா?"

அவள் உட்காரவில்லை.  உள்ளறைவரை கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"எனக்கு அம்மை போட்டதே இல்லைங்க."