நடுக்கத்துக்கு எழுதிய வரிகள்

அவர் டிரைவர் எழுதுகிறவர். மவுஸ் எந்தப் பக்கம் அசைந்தது என்று கணினிக்கு எடுத்துச் சொல்லும் நிரலுக்குத்தான் அந்தப் பெயர். அதில் பிழை திருத்துவது அவருக்குச் சோறு போடும் வேலை.

மனைவிக்குக் கை நடுக்கம் வந்தபோது வீட்டுக் கணினியின் டிரைவரில் சில வரிகளைச் சேர்த்தார். கை எவ்வளவு நடுங்கினாலும் திரையில் அம்பு நிதானமாகப் போகும். கடைசிவரை அவள் அதில் சீட்டாடிக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு கணினி மகளுக்கு வந்தது.

"அப்பா, அம்பு ஆமை மாதிரி நகருது. படமே வரைய முடியல."

மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்த வரிகளை அழித்தார்.

மறுநாள் காலையில் மகள் கத்தினாள். "என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? தானா ஆடுது!"

மவுஸை யாரும் தொடவில்லை. அம்பு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. தான் விட்ட பிழைதான் என்று நினைத்து மவுஸின் வயரைப் பிடுங்கினார். நடுக்கம் நிற்கவில்லை. திரையில் சீட்டாட்டம் திறந்து கிடந்தது. அம்பு ஒரு சீட்டை எடுக்கப் போய்த் தவறியது. விலகி வந்து, மறுபடி போய்த் தவறியது.

அவர் உட்கார்ந்து, அழித்த வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினார். கடைசி வரி முடிந்ததும் நடுக்கம் அடங்கியது. அம்பு மெல்ல நகர்ந்து போய் அந்தச் சீட்டை எடுத்து, சேர வேண்டிய இடத்தில் வைத்தது.

பிடுங்கிய வயர் இன்னும் அவர் மடியில் கிடந்தது.

"இருக்கட்டும்ப்பா," என்றாள் மகள். "நான் பேப்பர்லயே வரைஞ்சுக்கறேன்."