சட்டைப் பையில் ஒரு பொட்டலம்

கம்ப்யூட்டர் நாலாவது முறையாக அணைந்தபோது மணி இரண்டே முக்கால்.

குமரகுருபரன் மகளை முறைத்தார். "பாட்டு பாட்டா இறக்கி வச்சா அது என்னத்துக்கு ஆகும்? நான் அன்னைக்கே சொன்னம்லாட்டி."

சித்ரலேகா மறுபடி பவர் பட்டனை அழுத்தினாள். அரசுக் கல்லூரி நூலகர் வேலைக்கு விண்ணப்பம் போட இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. ஆறு வருஷம் கழித்து வந்த அறிவிப்பு. பாதி நிரப்புவதற்குள் கம்ப்யூட்டர் பெட்டி பொசுக்கென்று அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போனில் முயன்றால் அந்த இணையதளம் பாதிப் பக்கத்தோடு நின்றுகொண்டது. தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஓடலாமென்றால் நெல்லையப்பருக்குத் தேரோட்டம். கடைக்காரர் பூட்டிவிட்டுத் தேர் வடம் பிடிக்கப் போய்விட்டார்.

பதினோரு வருஷத்துக் கம்ப்யூட்டர், விண்டோஸ் செவன். ஒரு வாரமாகவே மக்கர் செய்தது. கோர்ட்டில் தலைமை எழுத்தரான குமரகுருபரனுக்குத் தெரியாத வைத்தியம் உண்டா? யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய குறிப்பைப் பார்த்துத் தானே களத்தில் இறங்கினார். வேண்டாத புரோகிராம்களை நீக்கினார். ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ் போட்டார். அதே வேகத்தில் மகள் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளையும் ஒன்று விடாமல் அழித்தார்.

"சூடாகுதுப்பா, தொட்டுப் பாருங்க" என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குற்றவாளி யாரென்று முதல் நாளே தீர்ப்பெழுதிவிட்டார்.

இப்போது வேறு வழியில்லாமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். பூஜை அறைக்குப் போய்த் திருநீறு எடுத்து மகள் நெற்றியில் பூசினார். தானும் இட்டுக்கொண்டு, விரலில் மிஞ்சியதை வழக்கம்போலப் பெட்டியின் தலையில் தடவினார். இந்த ஒரு தடவை கைவிட்டுவிடாதே என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் மறுபடி மகளை ஏச ஆரம்பித்தார்.

மேலப்பாளையத்து மெக்கானிக் சேக் முகம்மது தேர்க் கூட்டத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மூன்றரை. பெட்டியின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து குமரகுருபரனின் முகத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே கோளாறு?" என்று கேட்டாள் சித்ரலேகா.

"தூசி, தங்கச்சி. காத்தாடி சுத்த முடியாம அடைச்சிருக்கு. அதான் சூடேறி அணைஞ்சிருது."

அதற்கப்புறம் அவர் பார்த்த வேலைதான் குமரகுருபரனைப் பாடாய்ப் படுத்தியது. பைக்குள் தூசி ஊதுகிற மெஷின் கண்ணெதிரே கிடந்தது. அதைத் தொடவே இல்லை. ஒரு பெயிண்ட் பிரஷை எடுத்து, குழந்தைக்குத் தலை வாருவது போலத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மணி நாலாகப் போகுது. அதை வச்சு ஒரு ஊது ஊதினா என்ன?"

"ஊதக்கூடாது அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. நல்ல வெள்ளைப் பேப்பரா ஒண்ணு கொண்டாங்க."

பேப்பர் வந்தது. அடுத்தாற்போலத் தண்ணீர் கேட்டார். சொம்போடு திரும்பிய குமரகுருபரன் கதவருகே அப்படியே நின்றார். பேப்பரைச் சின்னப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார் சேக் முகம்மது.

குமரகுருபரனுக்குப் பகீரென்றது. இப்படித்தான் ஒரு மெக்கானிக் மெமரி சிப்பை உருவிக்கொண்டு போய்விட்டான் என்று ஆபீஸில் கூட வேலை பார்க்கும் சிவகணேஷ் புலம்பியிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஆனால் கோபித்துக்கொண்டு பாதியில் போட்டுவிட்டுப் போனால் மகள் கதி? பல்லைக் கடித்துக்கொண்டு சொம்பை நீட்டினார்.

நாலு இருபதுக்குப் பெட்டி மறுபடி உயிர்பெற்றது. சித்ரலேகா முதல் பக்கத்திலிருந்து நிரப்பினாள். பத்து நிமிஷம் தாண்டியது. பதினைந்தும் தாண்டியது. அணையவில்லை. சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக ஏறின. நாலு ஐம்பத்திரண்டுக்குத் திரையில் விண்ணப்ப எண் வந்தது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள்.

மகள் காரியம் முடிந்தது. இனி இவனை விடக்கூடாது. வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தவரைக் குமரகுருபரன் வழிமறித்தார்.

"கொஞ்சம் நில்லும் வே. சட்டைப் பையில என்ன?"

சேக் முகம்மது தயங்கினார். வீட்டுக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே ஒரு கைப்பிடித் திருநீறு இருந்தது.

"மேல் ஓட்டை வழியாக் கொட்டிக் கொட்டிக் காத்தாடியை அடைச்சிருக்கு, அண்ணாச்சி. ஊதினா வீடு பூராப் பறந்து கால்ல மிதிபடும்லா? ஆத்துப் பாலத்தைத் தாண்டித்தான போறோம், அங்கன தண்ணில விட்டுருவோம்னு எடுத்து வச்சேன்."

பதினோரு வருஷமாகத் தினமும் தன் விரலில் மிஞ்சியது. குமரகுருபரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்டார்.

"அவ கேட்டப்போ தூசின்னுல்லா சொன்னீரு?"

சேக் முகம்மது பொட்டலத்தைப் பைய மடித்தார்.

"நீங்க தங்கச்சியை ஏசுனது நான் தெருவுல நுழையும்போதே கேட்டுச்சு, அண்ணாச்சி. அந்தப் புள்ள முன்னால வேற என்னத்தச் சொல்ல?"