மீதி ஒன்று

காலமான கணக்கு வாத்தியாரின் உயிலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'நான் சேர்த்த தபால்தலைகளைப் பிள்ளைகள் எல்லோரும் மீதமில்லாமல் சமமாகப் பிரித்துக்கொள்ளவும்.'

பெரியவனும் சின்னவனும் கூடத்தில் உட்கார்ந்து நான்கு நாட்கள் எண்ணினார்கள். மொத்தம் 37,041.

"ஒத்தைப்படையா வருதே! ரெண்டு பேருக்கு எப்படிடா சரிபாதி ஆகும்?" என்றான் பெரியவன்.

மறுபடியும் எண்ணினார்கள். அதே 37,041.

"அப்பா கணக்குல தப்பே பண்ண மாட்டார்" என்று சின்னவன் பென்சிலை எடுத்தான். அரை மணி நேரத்தில் அவன் முகம் வெளிறிப்போனது. "அண்ணா, இது மூணால மீதமில்லாம வகுபடுது."

"வேற எதால?"

"அடுத்தது பன்னிரண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தேழு. அத்தனை பிள்ளைங்க இருக்க வாய்ப்பில்லை."

பெரியவனுக்குத் தலை சுற்றியது. "அப்போ மூணாவதா ஒண்ணு எங்கேயோ இருக்கு! பள்ளிக்கூடம் விட்டா வீடுன்னு இருந்த மனுஷனா இப்படி? அம்மா காதுல விழுந்தா உயிரையே விட்டுடுவாங்க. பேசாம ஒரு தபால்தலையைக் கிழிச்சுப் போடுடா, கணக்கு சரியாயிடும்."

சின்னவன் கிழிக்கப் போன நேரம் பார்த்து அம்மா வந்து நின்றாள். இனி மறைக்க வழியில்லை. பெரியவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மென்று விழுங்கி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

அம்மா உயிலை வாங்கி இரண்டு முறை படித்தாள். அவளுக்குக் குப்பென்று வியர்த்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி நடந்ததாச்சே! இவருக்கு எப்படிடா தெரிஞ்சுது?"